கண்ணழுத்தமும் கம்பியில்லா உணரிகளும்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் கண் மருத்துவத்திற்கு என்ன இடம் என்று மாணவர்கள் வினவக்கூடும். ஒரு சொல்லைப் பிழையாகப் புரிந்துகொண்டதனால் பார்வையை இழப்போர் நம் வட்டாரத்தில் இருக்கின்றனர் என்பதே நம் விடை. "கண்ணுல பிரஷராம், எனக்குத்தான் பிரஷரே கிடையாதே!" என்று சொல்லிச் சொட்டு மருந்தை அலமாரியில் வைத்துவிடும் முதியவர்களை நாம் கண்டிருக்கிறோம். "புரை முத்தட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று காத்திருப்போரையும் கண்டிருக்கிறோம். முன்னவர் கண்ணழுத்தத்தை இரத்த அழுத்தம் என்று கொண்டார். பின்னவர் குளுக்கோமா என்னும் கண்நீர் அழுத்த நோயைக் கண்புரை என்று கொண்டார். புரையால் மறைந்த பார்வை பெரும்பாலும் அறுவையால் மீளும். குளுக்கோமாவால் போன பார்வை மீளாது. இவ்வேறுபாட்டை உணர்த்துவதும், கண்ணழுத்தத்தை இரவும் பகலும் அளக்க உருவாகியுள்ள கருவிகளை அறிமுகம் செய்வதும், அவற்றால் மதுரைச் சீமைக்கு விளையக்கூடிய பயனை எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கண்ணும் கண்மாயும்

தமிழில் கண் என்பது பார்க்கும் உறுப்பை மட்டும் குறிப்பதன்று. நீர் சுரக்குமிடம் ஊற்றுக்கண். நீர் வெளியேறுமிடம் மடைக்கண். மாடக்குளம் கண்மாயையும் வண்டியூர்க் கண்மாயையும் பார்த்து வளர்ந்த மாணவர்க்கு விழியின் அமைப்பை விளக்குதல் எளிது. விழியின் முற்பகுதியிலும் ஊற்றுக்கண்ணும் மடைக்கண்ணும் உண்டு. ஐரிஸ் எனப்படும் நிறத்திரைக்குப் பின்னே தெளிந்த நீர்மம் ஒன்று இடையறாது சுரக்கிறது. இது கண்ணீர் அன்று. வெளியே வழிவதும் இல்லை. பாவையின் வழியே முன்னறைக்கு வந்து, ஓரத்திலுள்ள வலை போன்ற வடிகாலில் இறங்கி, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நிமிடத்திற்கு 2 மைக்ரோலிட்டருக்குச் சற்று மேல் சுரக்கும் இந்நீர்மம் ஒரு சொட்டு அளவு சேர ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும்.

வரத்தும் போக்கும் ஒத்திருக்கும்வரை அழுத்தம் சீராக நிற்கும். மடைக்கண்ணில் வண்டல் படிவதுபோல் வடிகால் மெல்ல அடைபட்டால் அழுத்தம் வலியின்றி உயரும். இது திறந்தகோண வகை. பலகை விழுந்து மடையை மூடுவதுபோல் ஐரிஸ் வடிகாலின் வாயை மறைப்பது மூடியகோண வகை. இதில் சிலர்க்குத் திடீரெனக் கடும் வலியும் தோன்றும். எவ்வகையாயினும் நலிவது கண்ணின் பின்புறமுள்ள பார்வை நரம்பே. பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்து சுருங்கி வருவதால், நடுப்பார்வை தெளிவாக உள்ள நாள்வரை நோயாளர் இழப்பை உணர்வதில்லை.

ஒருவேளை அளவின் குறை

கண்ணழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. 10 முதல் 21 வரை இயல்பு என்பது பொதுவான கணக்கு. கண்ணை மரத்துப்போகச் செய்து, சிறு கூம்பினைக் கார்னியாவின்மேல் மெல்லத் தொட்டு அளக்கும் கோல்டுமன் முறை 1950களில் உருவானது. இன்றும் மருத்துவர்கள் இதனையே உரைகல்லாகக் கொள்கின்றனர்.

ஆயினும் கண்ணழுத்தம் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை. நலமுள்ளோர்க்கும் சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும். நோயுற்றோர்க்கு அவ்வேற்றத்தாழ்வு பெரிதாகலாம். படுத்த நிலையில் அது பெரும்பாலோர்க்கு உயர்கிறது. எனவே, மருத்துவமனை மூடியிருக்கும் இரவிலும் விடியலிலும் உச்சத்தை எட்டும் அழுத்தம், காலை 11 மணிக்குச் சோதிக்கையில் தணிந்து காணப்படலாம். "அளவு சரியாக இருக்கிறது" என்று கேட்டு மகிழ்ந்தவரின் பார்வை ஆண்டுதோறும் சுருங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம். அதில் 71 அடிவரை நீர் தேக்கலாம். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எனக் கரையோர மக்கள் உணர்த்தப்படுகின்றனர். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மட்டும் நீர்மட்டம் பார்த்தால் மதுரையின் தரைப்பாலங்கள் என்ன ஆகும்? அணைக்கு நாம் ஒப்பாத ஒன்றைக் கண்ணுக்கு மட்டும் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டிருந்தோம்.

விழிக்குள் ஓர் உணரி

இக்குறையை நீக்கும் முயற்சி புதியதன்று. 1967-இல் அமெரிக்க அறிஞர் காலின்ஸ், ஒரு சிறு காற்றுக் குமிழியின் இருபுறமும் கம்பிச்சுருள்களை அமைத்து, அழுத்தத்தால் அவற்றின் இடைவெளி மாறுவதை வெளியிலிருந்தே மின்காந்த முறையில் அறியும் நுண்கருவியை வெளியிட்டார். முயல்களின் கண்களில் அது சோதிக்கப்பட்டது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அக்கருத்து மனிதர்க்குப் பயன்படும் நிலையை எட்டியது. ஜெர்மனியின் இம்ப்ளான்டேட்டா நிறுவனம் உருவாக்கிய ஐமேட் கருவி 2017-இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. சிலிக்கோனால் பொதியப்பட்ட மெல்லிய வளையம் அது. வளைந்த கம்பிச்சுருளும் அழுத்தம் உணரும் நுண்சில்லும் அதனுள் உள்ளன. கண்புரை அறுவையின்போதே அதனை ஐரிசுக்குப் பின்னே பொருத்திவிடலாம். அதில் மின்கலம் இல்லை. நோயாளர் கையடக்கக் கருவியைக் கண்முன் பிடித்தால், அதன் அலைகளிலிருந்தே ஆற்றல் பெற்று, உள்ளிருக்கும் உணரி அளவைச் சொல்லிவிடும். நள்ளிரவில் விழித்தாலும் வீட்டிலேயே அளக்கலாம்.

அறுவை வேண்டாத வழியும் உண்டு. சுவிட்சர்லாந்தில் உருவான டிரிகர்ஃபிஷ் என்னும் தொடுவில்லைக்கு அமெரிக்க ஒப்புதல் 2016-இல் கிடைத்தது. 5 நிமிடத்திற்கு ஒருமுறை, 30 வினாடி நேரம் அளந்து, 24 மணியில் 288 பதிவுகளை அது தருகிறது. ஆயின், அது கார்னியாவின் வளைவு மாற்றத்தை மட்டுமே காட்டும். அழுத்தத்தை மில்லிமீட்டரில் கூறாது.

இவற்றின் எல்லைகளையும் சொல்லுதல் நேர்மையாகும். ஐமேட் வகையின் தொடக்க ஆய்வுகளில் பங்குற்றோர் முதலில் 6 பேரும் பின்னர் 22 பேருமே. முதலில் பொருத்தப்பட்டோருள் சிலர்க்குக் கண்ணுக்குள் அழற்சி தோன்றி, மருத்துவத்தால் தணிந்தது. விலை மிகுதி. உலகெங்கும் இவை இன்னும் பரவலான வழக்கிற்கு வரவில்லை. யாவற்றினும் மேலாக, உணரி நோயைக் காட்டுமேயன்றிக் குணமாக்காது. நீர்மட்டம் பார்ப்பவர் மட்டுமிருந்து மடை திறப்பவர் இல்லாவிடில் கரை நில்லாது. சொட்டு மருந்தும் லேசர் சிகிச்சையும் அறுவையுமே மடை திறக்கும் கைகள்.

மதுரை காட்டும் வழி

1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் ஆய்வாளர்கள் தென் தமிழகத்தின் 3 மாவட்டச் சிற்றூர்களில் 40 வயதைக் கடந்த 5,150 பேரைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். 2.6 விழுக்காட்டினர்க்கு, அதாவது ஏறத்தாழ 40 பேரில் ஒருவர்க்குக் குளுக்கோமா இருந்தது. திறந்தகோண வகையினருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு அந்நோய் இருப்பதை அதற்குமுன் அறிந்திருக்கவில்லை. நாளுக்கு 288 அளவுகள் பற்றிப் பேசுகிறோம். நம் சிற்றூர்களிலோ அந்த முதல் அளவே பலருக்கு வாய்க்கவில்லை.

அதனால் உணரிகள் நமக்கு வேண்டாதவை என்று முடிவு செய்தல் பொருந்தாது. ஒருகாலத்தில் விழிவில்லையும் எட்டாத விலையுடைய இறக்குமதிப் பொருளே. 1992-இல் தொடங்கிய ஆரோலேப், மதுரையிலேயே அதனைச் செய்து விலையைப் பன்மடங்கு குறைத்தது. மருந்துக்கு அடங்காத குளுக்கோமாவில் நீர்மத்தை வடிக்கப் பொருத்தும் ஆடி என்னும் சிலிக்கோன் வடிகருவியையும் அந்நிறுவனம் 2013 முதல் குறைந்த விலையில் வழங்குகிறது. கண்ணுக்குள் வைக்கும் மடையை மதுரை செய்திருக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் அளவுகோலையும் ஒருநாள் செய்யக்கூடும் என்று நம்புவதற்கு இடமுண்டு. அறிவியல் பயிலும் நம் மாணவர்க்கு இதனினும் அணுக்கமான ஆய்வுக்களம் அரிது.

நிறைவுரை

வருங்காலக் கருவியை எதிர்நோக்கி இன்றைய கடமையைத் தள்ளிவைத்தல் ஆகாது. 40 வயதைக் கடந்தோர் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்தறிதல் வேண்டும். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின் தாமதம் கூடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமாகவே வாங்கி நெடுநாள் இடுவது அழுத்தத்தை உயர்த்தக்கூடும். அதனைத் தவிர்த்தல் வேண்டும். மருத்துவர் தந்த சொட்டு மருந்தை, பார்வை நன்றாகவே தெரிகிறதென்று நிறுத்தலாகாது; அம்மருந்து போனதை மீட்க அன்று, இருப்பதைக் காக்க.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊர் செல்லும்போது வீட்டுப் பெரியவர்களிடம், "கண் பிரஷர் வேறு, இரத்தப் பிரஷர் வேறு, புரை வேறு, குளுக்கோமா வேறு" என்று பொறுமையுடன் எடுத்துரையுங்கள். பின்னர் அவர்களை அழைத்துச் சென்று அந்த முதல் அளவை எடுக்கச் செய்யுங்கள். அதற்கு எந்த உணரியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.