மண்ணில் விளையாடும் குழந்தையும் மாசு கலந்த நீரும்

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டியுள்ள ஒரு கிராமத்துச் சங்கத்தின் புத்தகங்களைப் பார்வையிடச் சென்ற மாதம் போயிருந்தேன். வேலை முடிந்து, மூத்த அங்கத்தினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் அருந்திக்கொண்டிருந்தோம். அவர் அறுபதைக் கடந்த நெசவாளர். பதினான்கு மாதப் பேத்தி தறிக்குழி ஓரமாகத் தவழ்ந்து வந்து, முற்றத்து மண்ணை ஒரு பிடி அள்ளி வாயிலிட்டுக்கொண்டது. மருமகள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கி வாயைத் துடைத்தாள். பெரியவர் தடுத்தார்.

“விடம்மா, ஒன்றும் ஆகாது. ஐயா, நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், பிள்ளைகளை மண்ணில் புரளவிட்டால்தான் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்கிறார். மேனாட்டு டாக்டர்களே அப்படி எழுதியிருக்கிறார்களாம். அப்படியானால் இந்தச் சோப்பும், காய்ச்சின தண்ணீரும், சொட்டு மருந்தும் எதற்கு? நாங்களெல்லாம் இந்த மண்ணில்தானே வளர்ந்தோம்?”

நான் வைத்தியன் அல்லன், கணக்குப் பார்ப்பவன். அன்று ஒரு வார்த்தையில் விடை சொல்ல இயலவில்லை. வீடு திரும்பியபின் கிடைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தேன். பெரியவர் கேட்டது வீண் கேள்வி அன்று. ஆயினும் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதிச் செலவுப் பக்கத்தைக் காலியாக விட்ட பேரேட்டைப் போன்றது அவர் கேள்விப்பட்ட செய்தி. இரு பக்கங்களையும் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரவைப் பார்ப்போம். இங்கிலாந்தில் டேவிட் ஸ்ட்ராகன் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர், 1958-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 17,414 குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்து 1989-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். உடன்பிறந்தார் பலர் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, பூந்தாது பட்டவுடன் தும்மலும் மூக்கொழுகலும் வரும் ஒவ்வாமை நோய் குறைவாகக் காணப்பட்டது. அண்ணன் அக்காள்மாரிடமிருந்து சிறு வயதிலேயே கிருமிகள் தொற்றிக்கொள்வது அதற்குக் காரணமாகலாம் என்று அவர் கருதினார். பின்னர் வந்தோர் இக்கருத்தைத் திருத்தினர். நோய் உண்டாக்கும் கிருமிகள் அல்ல, மண்ணிலும் கால்நடைகளிடத்திலும் நம் குடலிலும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் தீங்கற்ற நுண்ணுயிர்களே குழந்தையின் உடலைப் பழக்குகின்றன என்பதே இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்படும் அபிப்பிராயம்.

இது எவ்வாறு நிகழ்கிறது? புதிதாக வேலைக்கு வந்த இரவுக் காவற்காரனை எண்ணிப் பாருங்கள். ஊராரை அவனுக்குத் தெரியாது. பால்காரன் வந்தாலும் தடியை ஓங்குவான். பூசாரி வந்தாலும் கூச்சலிடுவான். நாள்தோறும் பலரையும் பார்த்துப் பழகிய பின்னரே இன்னார் அயலார், இன்னார் நம்மவர் என்று தெளிவான். நம் இரத்தத்திலுள்ள காவல் அணுக்களும் அத்தகையனவே. பழகும் வாய்ப்புக் கிட்டாத அணுக்கள் தூசியையும் பூந்தாதுவையும் பகையெனக் கொண்டு போரிடுகின்றன. ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பெரும்பாலும் இவ்வாறு நேருபவை.

அமெரிக்காவில் ஆமிஷ் என்றும் ஹட்டரைட் என்றும் இரண்டு வேளாண் சமூகத்தார் உள்ளனர். இருவரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். வமிசம் ஏறக்குறைய ஒன்றே. உணவும் பழக்கங்களும் ஒத்தவையே. ஆமிஷ் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கே ஆஸ்துமா உண்டு. ஹட்டரைட் பிள்ளைகளிலோ நூற்றுக்கு 21 பேருக்கு. 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விளக்கம் தந்தது. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுபவர்கள். மாட்டுக்கொட்டில் வீட்டை ஒட்டியிருக்கும். குழந்தைகள் அங்கேயே விளையாடுவார்கள். ஹட்டரைட் மக்களோ பெரிய இயந்திரப் பண்ணை நடத்துபவர்கள். குழந்தைகள் கொட்டிலுக்குள் செல்வது அரிது. ஆமிஷ் வீட்டுத் தூசியில் நுண்ணுயிர்ப் பொருள்கள் ஏறக்குறைய ஏழு மடங்கு மிகுந்திருந்தன. (ஹட்டரைட் மக்கள் சொத்தனைத்தையும் பொதுவில் வைத்து வாழ்பவர்கள். ஆஸ்துமா மிகுந்ததற்குக் கூட்டுறவு காரணமன்று, கொட்டில் தூரமானதே காரணம் என்பதை நான் வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டவன்.)

ஆகவே பெரியவர் வீட்டுப் பசுங்கொட்டிலும் முற்றத்து மண்ணும் குழந்தைக்குப் பகையல்ல. பசுவையும் மயிலையும் நாயையும் மனிதரோடு ஒன்றாக வைத்துப் போற்றிய இடம் நம் ரமணாசிரமம். லட்சுமி என்னும் பசுவுக்கு அங்கே 1948-இல் சமாதி எழுப்பியதை அனைவரும் அறிவோம். அந்த வழக்கத்தில் வளர்ந்த நமக்கு மேனாட்டார் இன்று கண்டறிந்து சொல்வது புதுமையாகத் தோன்றாது.

இனிச் செலவுப் பக்கம். இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டுவதில்லை. நமக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரிலுள்ள வேலூர் போதும். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ககன்தீப் காங் முதலிய ஆராய்ச்சியாளர்கள், நகரின் நெருக்கமான ஏழை வீதிகளில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பு முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். முழுக் காலமும் கவனிக்கப்பட்டவர் 373 பேர். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் என்னும் கிருமியைப் பற்றியது அந்த ஆராய்ச்சி, 2011-இல் வெளியாயிற்று.

பெரியவரின் வாதம் சரியானால், ஓரிரு முறை அக்கிருமி தொற்றிய குழந்தைக்குப் பிறகு அந்த நோய் வரலாகாது. மெக்சிகோ நாட்டில் 1996-இல் வெளியான இதேபோன்ற ஆராய்ச்சியில் அவ்வாறே காணப்பட்டது. இரண்டு முறை தொற்றிய குழந்தைகளுள் ஒருவருக்கும் அதன்பின் கடுமையான நோய் வரவில்லை. வேலூரில் அவ்வாறு நடக்கவில்லை. ஆறு மாதம் நிறைவதற்குள்ளாகவே நூற்றுக்கு 56 குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டுவிட்டது. பின்னரும் திரும்பத் திரும்பத் தொற்றியது. மூன்று முறை தொற்றிய பின்னும் கடும் நோயினின்று கிடைத்த பாதுகாப்பு நூற்றுக்கு 79 பங்கே. கிருமியை அதிகமாகச் சந்தித்த நம் குழந்தைகளுக்கு மெக்சிகோக் குழந்தைகளைவிடக் குறைந்த பலனே கிட்டியது.

இதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதிகம் அடிபட்டால் அதிகம் உறுதிப்படும் என்றே நானும் நம்பியிருந்தேன்.

மலம் கலந்த நீரையும் உணவையும் ஓயாது உட்கொள்ளும் குழந்தையின் குடல், வெளிப்படையான நோயில்லாத நாளிலும் உள்ளே அழற்சியுற்றிருக்கிறது. உண்ட உணவின் சத்து சரிவர உடலில் சேர்வதில்லை; வளர்ச்சி குன்றுகிறது. கொடுக்கும் மருந்தும் முழுப் பலன் தருவதில்லை. வேலூர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே இதைப் போலியோ சொட்டு மருந்தில் கண்டார். மேனாடுகளில் மூன்று தவணைகள் போதுமாயிருக்க, இங்கே அவை போதவில்லை. மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து கொடுத்த பிறகே நம் நாட்டில் அந்நோய் ஒழிந்தது. கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். போலியோ அற்ற நாடென்று சான்றிதழ் கிடைத்தது 2014 மார்ச்சில். ரோட்டா சொட்டு மருந்தும் அப்படியே. செல்வ நாடுகளில் கடும் நோயை நூற்றுக்கு 85-க்கு மேல் தடுக்கும் இவ்வகை மருந்து, நம் நாட்டில் பாதிக்குச் சற்று மேலாகவே தடுக்கிறது. பாதிதானே என்று தள்ளிவிடலாகாது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய இரண்டு குழந்தைகளுள் ஒன்றேனும் வீட்டிலேயே இருக்கும் அல்லவா?

மண்ணிலும் ஒரு வேறுபாடு உண்டு. திறந்த வெளியில் மலம் கழிக்கும் இடத்து ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் முட்டை பொரிக்கிறது. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் மாவட்டத்து ஜவ்வாது மலைக் கிராமங்களில் இப்புழு இன்றும் உள்ளது. அந்த மண்ணையும் துளசி மாடத்து மண்ணையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அவ்வாறே சாயப்பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்கால், பூச்சிமருந்து அடித்த நிலக்கடலைக் கொல்லை, மருந்துக் காலி டப்பா ஆகியவற்றால் யாதோர் எதிர்ப்புச் சக்தியும் வாராது. அவை நஞ்சு; நஞ்சுக்கு உடல் பழகுவதில்லை.

இவ்வளவையும் படித்தபின் பத்து நாள் கழித்து மீண்டும் பெரியவரைக் காணச் சென்றேன். “நாங்களெல்லாம் இதில்தானே வளர்ந்தோம் என்றீர்களே, உங்களோடு பிறந்தவர் எத்தனை பேர்?” என்று கேட்டேன்.

“ஏழு பேர், ஐயா.”

“இருந்து வளர்ந்தவர்கள்?”

அவர் உடனே விடை சொல்லவில்லை. கையிலிருந்த தார்க்குச்சியைக் கீழே வைத்தார். “நாலு பேர். ஒரு தம்பி வாந்திபேதியில் போனான். மற்ற இரண்டும் பேர் வைப்பதற்குள்ளேயே போயின. வயிறு போயிற்று என்று அம்மா சொல்லுவாள்.”

அதற்குமேல் நான் அவரிடம் வாதிடவில்லை.

மருமகள் வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். செய்ய வேண்டுவன யாவை என்று அவள்தான் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். குழந்தை மண்ணில் விளையாடட்டும், கன்றைத் தொடட்டும். உண்ணுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவினால் போதும். சாதாரணச் சோப்பே நன்று. கிருமிநாசினி சேர்ந்ததென்று விளம்பரம் செய்யப்படும் விலையுயர்ந்த சோப்பு வேண்டுவதில்லை. பச்சைக் குழந்தையின் மலம் தீங்கற்றதென்று எண்ணி முற்றத்தோரம் எறிகிறோம். அதிலும் கிருமி உண்டு, கழிப்பிடத்திலேயே சேர்க்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14 ஆகிய வாரங்களில். வயிற்றுப்போக்குக் கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவாக. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். அதனுடன் டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாக மாத்திரை. குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்க மறுத்தால் கரைசலை நம்பிக் காலம் தாழ்த்தலாகாது. டாக்டர் எழுதித் தராத கிருமிக்கொல்லி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. என் மகனுக்குச் சாதாரணச் சளி கண்டபோது, முன்பு மிஞ்சியிருந்த மாத்திரையை நானே பொடித்துக் கொடுத்து, குடலிலுள்ள நல்ல உயிர்களையும் கொன்று, ஒரு வாரம் வயிறு கெட்டு அவன் துன்புற்றதைக் கண்டவன் நான். படித்தவன் செய்த பிழை அது.

அப்போது அவள் இன்னொன்று கேட்டாள். இளையது வாயில் போட்டுப் பார்ப்பது கிடக்கட்டும்; நாலு வயது மூத்தவன் சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்கிறானே, அதுவும் நல்லதா என்றாள். தவழும் குழந்தை எதையும் வாயிலிட்டுப் பார்ப்பது இயல்பு. நாலு வயதில் மண்ணைத் தேடித் தின்பது இரத்தக் குறைவின் அறிகுறியாகலாம். ஆதலால் புதன்கிழமை தடுப்பூசி நாளில் இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மூத்தவனுக்கு இரத்தம் பார்க்கச் சொன்னேன். சங்கச் செயலாளர் சென்ற வாரம் எழுதிய கடிதத்தில், கடன் தவணை விவரங்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: பையனுக்கு இரத்தம் குறைவென்று இரும்புச் சத்து மருந்தும் புழு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள், பெரியவர் தாமே இருவரையும் அழைத்துப் போனார்.