சுத்தியல் எண்ணை நம்பி உறங்கலாமா?

2024 டிசம்பரில் சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் குடியிருப்பில் சன்ஷேடு பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். இப்படி விழும் முன்பே, கட்டடத்தை இடிக்காமல், கான்கிரீட்டின் உள்ளே கம்பி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கக் கருவிகள் உண்டு. அவற்றில் தேர்ந்த கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனைகளைப் பற்றிப் புழங்கும் சில நம்பிக்கைகள் ஆபத்தானவை.

நம்பிக்கை: விரிசல் இல்லையென்றால் கம்பி நன்றாக இருக்கிறது.

உண்மை: விரிசல் வருவதே தாமதமாகத்தான். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பிக்குக் காப்பு. உப்புக்காற்றில் வரும் குளோரைடு நுண்துளைகள் வழியே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காப்பு போய்விடும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைத் தள்ளும். வெளியே சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருக்கும் சீலிங்கூட உள்ளே ஏடு பிரிந்திருக்கலாம். கொத்தனார் தட்டிப் பார்த்து ‘பொத்’ என்ற சத்தம் வருகிறதே என்றால் அலட்சியம் செய்யாதீர்கள்.

நம்பிக்கை: சுத்தியல் சோதனையில் நல்ல எண் வந்தால் கவலையில்லை.

உண்மை: இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். சுத்தியல் என்பது இங்கே ஸ்பிரிங் வைத்த ஒரு குழாய். அதைச் சுவரில் அழுத்தினால் உள்ளே இருக்கும் எடை மோதித் திரும்பும். எவ்வளவு துள்ளியது என்பதே எண். அது சொல்வது மேல்தோலின் கடினத்தை மட்டுமே. பழைய கான்கிரீட், காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மேலே இறுகியிருக்கும். அதே உறிஞ்சல்தான் காரத்தன்மையையும் குறைக்கிறது. ஆக, கம்பியின் காப்பு போன சுவரே கூடுதல் எண்ணைக் காட்டக்கூடும்! இதை வைத்துச் சொல்லும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தரநிலையே எச்சரிக்கிறது. கம்பியின் துருவைப் பற்றி இந்தக் கருவி ஒரு வார்த்தையும் சொல்லாது.

நம்பிக்கை: ரேடார் ஸ்கேன் எக்ஸ்ரே மாதிரி எல்லாவற்றையும் காட்டிவிடும்.

உண்மை: ரேடார் அனுப்பும் ரேடியோ அலை கம்பியில் பட்டுத் திரும்பி, திரையில் கவிழ்த்த வில் போலத் தெரியும். கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று அறியலாம். அதில் எவ்வளவு மிச்சம் என்று அறிய முடியாது. ஈரமும் உப்பும் ஊறிய கான்கிரீட் அந்த அலையை விழுங்கிவிடும். மழை ஓய்ந்த கையோடு கடலோரச் சுவரில் ஸ்கேன் எடுத்தால் படம் மங்கத்தான் செய்யும்.

அங்கே மீயொலி கைகொடுக்கும். நல்ல கான்கிரீட்டில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓடும். நடுவே பொத்தலோ பிளவோ இருந்தால் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். பல திசைகளில் அனுப்பி, தாமதங்களைக் கணினியில் கோத்தால் உள்வெட்டுப் படமே கிடைக்கும். மருத்துவமனை சிடி ஸ்கேனின் கணக்கும் இதே வழிதான்.

நம்பிக்கை: சேதமில்லாச் சோதனை என்றால் சுவரில் கீறல்கூட விழக் கூடாது.

உண்மை: துருவைத் தேடும் சோதனைக்கு ஒரு சிறு பள்ளம் வேண்டும். பூச்சைக் கொத்தி ஒரு கம்பியை வெளியே காட்டி அதில் ஒயர் மாட்டுவார்கள். தாமிர சல்பேட் நிரப்பிய குழாயை, முனையில் ஈரப்பஞ்சோடு சுவரில் கட்டம் கட்டமாக வைத்து மில்லிவோல்ட் குறிப்பார்கள். மைனஸ் 350-க்கும் கீழே போகும் இடங்களில் துரு வேலை செய்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. எண்களை வரைபடமாக்கினால் சுவரின் நோய் எங்கே குவிந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

“சுவரைக் கெடுக்காதே” என்று அந்தப் பள்ளத்தைத் தடுக்காதீர்கள். புதிதாகக் கொத்திய அந்த இடத்தில் பினாப்தலின் சொட்டு விடச் சொல்லுங்கள். காரம் மிச்சமிருக்கும் கான்கிரீட் ரோஜா நிறமாகும். நிறம் மாறாத பட்டை கம்பிவரை எட்டிவிட்டதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.