ருக்குன் நெகாராவும் கட்சி வேற்றுமையும்



பள்ளிச் சபைகூடலில் நம் பிள்ளைகள் ஒரே குரலில் ருக்குன் நெகாராவை ஒப்புவிப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பிள்ளைகள் மனனம் செய்வதைப் பெரியவர்களாகிய நாம் வாழ்வில் கடைப்பிடிக்கிறோமா என்பதே இப்பாடத்தின் வினா.

முதற்கண் அதன் வரலாற்றை நினைவுகூர்வோம். 1969 மே 10ஆம் நாள் பொதுத் தேர்தல் நடைபெற்றது. மூன்றாம் நாளே கோலாலம்பூரில் இனக் கலவரம் மூண்டு உயிர்கள் பல பலியாயின. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் நிருவாகப் பொறுப்பை ஏற்றது. 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் ருக்குன் நெகாரா பிரகடனம் செய்யப்பட்டது. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது.

இவ்வரிசையை ஊன்றிக் கவனியுங்கள். விவாத மேடை மீண்டும் திறக்கப்படுமுன்பே கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. அவை கருத்து வேற்றுமையை ஒழிக்கப் பிறந்தவை அல்ல. கருத்து மாறுபட்டோர் பகைவராகாமல் ஒரே நாட்டில் வாழும் முறையைக் கற்பிக்கப் பிறந்தவை. ஐந்து கோட்பாடுகளுக்கு முன்னுரையாக அமைந்த குறிக்கோள்களுள் ஒன்று, மக்களாட்சி வாழ்க்கை முறையைப் பேணுவதாகும்.

இனி, அண்மைக் காலத்திற்கு வருவோம். 2018 தேர்தலில், விடுதலைக்குப் பின் முதன்முறையாக மத்திய ஆட்சி கைமாறியது. 2020இல் உறுப்பினர்கள் சிலர் அணி மாறியதால் அவ்வாட்சி கவிழ்ந்தது. 2022 நவம்பர் தேர்தலில் 222 இடங்களுள் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 இடங்கள் எவ்வணிக்கும் கிட்டவில்லை. எனினும் தெருவில் கலவரம் எழவில்லை. பேரரசர் அரசியலமைப்பின் 43ஆம் விதிப்படி பிரதமரை நியமித்தார். டிசம்பரில் மக்களவை நம்பிக்கைத் தீர்மானத்தை ஏற்றது. 1969க்கும் 2022க்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தியுங்கள். மூன்றாவது, நான்காவது கோட்பாடுகள் செயற்பட்ட விதம் இதுவே. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தையும் அதே ஆண்டில் இருதரப்பினரும் ஒருசேர ஆதரித்தனர்.

ஆனால், தலைநகரில் கற்ற பாடம் லயத்து வாசல்வரை வந்து சேர்ந்ததா? தோட்டமொன்றில் நான் கண்டதைக் கூறுகிறேன். அங்குக் குடிநீர்க் குழாய் பழுதுற்றிருந்தது. குடியிருப்போர் அனைவரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டிருந்தால் அதற்கு வலிமை இருந்திருக்கும். தேர்தலில் வெவ்வேறு கட்சிகளுக்கு உழைத்த இரு சாரார், ஒருவர் பெயருக்குக் கீழே மற்றவர் கையொப்பமிட மறுத்தனர். இரண்டு மனுக்கள் சென்றன. ஒவ்வொன்றும் பாதித் தோட்டத்தின் குரலாகவே ஒலித்தது. தாய்மார்கள் வாளி சுமந்த நாள்கள்தாம் நீண்டன. வாளிக்குக் கட்சி ஏது?

இரண்டாம் கோட்பாடு விசுவாசத்தைப் பற்றியது. பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் செலுத்துக என்கிறதேயன்றி, கட்சிக்குச் செலுத்துக என்று அது கூறவில்லை. ஆதலின், வேறு கட்சிக்கு வாக்களித்த அண்டை வீட்டாரைத் துரோகி எனத் தூற்றுவோர் அக்கோட்பாட்டைப் பிழையாகப் படித்தவராவர். அரசாங்கத்தின் குறையைச் சட்டத்திற்குட்பட்டு எடுத்துரைப்பதும் குடிமகனின் உரிமையே. இதனை ஆளுங்கட்சி அன்பரும் எதிர்க்கட்சி அன்பரும் ஒருங்கே உணர்தல் வேண்டும்.

ஐந்தாம் கோட்பாடாகிய நன்னடத்தையும் ஒழுக்கமும் காவலர் வந்து காக்கக்கூடியவை அல்ல. கோயில் கூட்டத்திலும், காப்பிக் கடையிலும், கைத்தொலைபேசியில் செய்தி பகிரும்போதும் நம் நாவையும் விரலையும் நாமே அடக்கிக்கொள்ள வேண்டும். உண்மையெனத் தெரியாத செய்தியைப் பிறருக்கு அனுப்பாதிருத்தலும் இக்கோட்பாட்டைப் பேணும் வழியே.

வாக்களிக்கும் வயது இப்பொழுது பதினெட்டு. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நம் பிள்ளைகள் வாக்காளராகின்றனர். சபைகூடலில் கற்றதை அவர்கள் நம் நடத்தையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதை மறவாதிருப்போமாக.

சிந்திக்க:

1. நம் தோட்டத்தில் கட்சி வேற்றுமையால் தடைப்பட்டு நிற்கும் பொதுக் காரியம் எது?

2. அதனை முடிக்க, மாற்றுக் கட்சியைச் சேர்ந்த எவரிடம் நாம் முதலில் சென்று பேச வேண்டும்?