ஊசி போட்ட இடம் வெளுத்தால்

இப்பாடத்தின் நோக்கம்: மூட்டுவலிக்கு ஊசி போட்ட இடத்தில் சிலருக்குத் தோல் வெளுப்பதும் குழி விழுவதும் ஏன் என்பதை அறிதல், அதனைத் தொழுநோயிலிருந்து பிரித்தறிய நாம் செய்ய வேண்டியவற்றைத் தெரிந்துகொள்ளல்.

1. வேலையும் மூட்டும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைப் பகுதிகளில் வயலை நம்பி வாழ்வோரின் மூட்டுகளுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சேற்றில் நின்று புல் பிடுங்குதல், குனிந்து கதிர் அறுத்தல், நெல் மூட்டை சுமத்தல் யாவும் முழங்காலையும் மணிக்கட்டையும் தேய்க்கின்றன. மருதமுனையில் தறியில் இருப்போருக்கும் இதே நிலைதான். இடம்பெயர்ந்து, சொந்தக் காணியை விட்டு, அயலாரின் வயலிற் கூலி வேலை செய்பவரின் நிலை இன்னும் கடினம். அவர் ஒருநாள் படுத்தால் அன்று வீட்டில் உலை ஏறாது. எனவே, "ஓர் ஊசி போட்டால் வலி போய்விடும்" என்று கேள்விப்பட்டவுடன் அவர் அதனை நாடுவது இயல்பே.

ஒரு தாயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பெருவிரலின் அடியில், மணிக்கட்டோரம் அவருக்குத் தாங்கமுடியாத வலி. ஊசி போடுகின்றார், சில நாட்களில் வலி குறைகின்றது. இரண்டு மாதங்களின் பின் அவ்விடத்தில் வெளிறிய திட்டு ஒன்று தோன்றுகின்றது. தோல் மெலிந்து, சற்றுக் குழிந்து, நரம்பு தெரிகின்றது. அயலவர்கள் குசுகுசுக்கத் தொடங்குகின்றனர். கிணற்றடியில் அவர் தொட்ட வாளியைத் தொடச் சிலர் தயங்குகின்றனர். மகளுக்குப் பேசிய கலியாணமும் தள்ளிப்போகின்றது. இரண்டு மாதங்களுக்கு முன் போட்ட ஊசியை மட்டும் ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஊசிக்கும் திட்டுக்கும் இடையே நாட்கள் பல கடந்துவிடுவதுதான் இம்மயக்கத்திற்குக் காரணம்.

2. ஊசியில் உள்ள மருந்து எது?

நமது சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சிறு சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்னும் சுரப்பைத் தருகின்றன. அதனையொத்த மருந்துகளே ஸ்டெரொயிட் எனப்படுகின்றன. 1948ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் நடக்கவே இயலாதிருந்த ஓர் இளம் பெண்ணுக்கு மருத்துவர் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கோர்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அப்பெண் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், தடேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1951இல் மருத்துவர் ஜோசப் ஹொலாண்டர் இவ்வகை மருந்தை மூட்டினுள்ளேயே ஊசியாகச் செலுத்தும் முறையை அறிவித்தார்.

எனவே, இது கெட்ட மருந்தன்று. உரிய மருத்துவர், உரிய நோயாளிக்கு, உரிய அளவில் கொடுத்தால் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் நல்ல மருந்து. ஆனால் இது மூட்டு நோயை வேரோடு மாற்றுவதில்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததாகவே இருக்கும். முடக்குவாதத்திற்கு கிளினிக்கில் நெடுங்கால மருந்து வேண்டும்.

3. தோல் ஏன் மாறுகின்றது?

மூட்டுக்குப் போடும் ஊசியில் மருந்து மெதுவாகக் கரையும் நுண்ணிய தூளாக இருக்கும். ட்ரையம்சினொலோன், மெதைல்பிரெட்னிசொலோன் என்பன இவ்வகையின. அதிற் சிறிது மூட்டுக்கு வெளியே கசிந்து தோலுக்கடியிற் தங்கினால் மூன்று மாற்றங்கள் நிகழலாம்.

முதலாவது, தோலுக்கு நிறம் தரும் கலங்கள் தம் வேலையைக் குறைத்துக்கொள்ளும்; திட்டு வெளிறும். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் இது பளிச்செனத் தெரியும். இரண்டாவது, தோலடிக் கொழுப்புக் கரைந்து குழி விழும். மூன்றாவது, தோல் மெலிந்து மினுங்கும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். சிலருக்கு ஊசி போட்ட இடத்திலிருந்து கையின் மேல்நோக்கி ஒரு வெள்ளைக் கோடுபோல வெளுப்புப் பரவுவதும் உண்டு. மருந்து நிணநீர்க் குழாய் வழியே செல்வதால் இவ்வாறு நிகழ்கின்றது. இதைச் செய்வினை என்று எண்ணிப் பயப்படத் தேவையில்லை.

பெரும்பாலும் இம்மாற்றங்கள் ஊசி போட்டு ஒன்று முதல் நான்கு மாதங்களுள் தோன்றுகின்றன. ஆழமான முழங்காலைவிட, தோல் மெல்லியதாயுள்ள மணிக்கட்டு, பெருவிரலடி, முழங்கை ஆகிய இடங்களில் இவை கூடுதலாக ஏற்படும். நிறக் கலங்கள் வழக்கமாக அழிவதில்லை, ஓய்ந்தே இருக்கின்றன. ஆதலால் பலருக்கு ஓரிரு ஆண்டுகளுள் நிறம் திரும்புகின்றது. சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். இது எவருக்கும் தொற்றாது.

4. தொழுநோயா என்று பார்ப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் முற்காலத்தில் தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். அந்த நினைவு நம் கரையோர மக்களின் மனதில் இன்னும் அச்சமாகத் தங்கியிருக்கின்றது. இந்நோய் நம் நாட்டிலிருந்து முற்றாக ஒழியவுமில்லை. ஆகவே எந்த வெளிறிய திட்டையும் அலட்சியம் செய்யலாகாது. பின்வருவனவற்றைக் கவனிப்போம்:

அ) திட்டு ஊசி போட்ட இடத்திலேயே உள்ளதா? ஊசிக்குப் பின்னர்தான் வந்ததா? ஆமெனில் பெரும்பாலும் அது மருந்தின் விளைவு.

ஆ) கண்ணை மூடச்சொல்லி, பஞ்சு நுனியால் திட்டின் மேலும் நல்ல தோலின் மேலும் மாறிமாறித் தொட வேண்டும். ஊசித் திட்டில் உணர்வு வழக்கம்போல் இருக்கும். தொழுநோய்த் திட்டில் அது குறைந்தோ இல்லாமலோ இருக்கலாம்.

இ) ஊசி போடாத வேறிடங்களிலும் திட்டுகள் உள்ளனவா? கைகால் விறைப்பு, விரல் வலுக்குறைவு உண்டா?

உணர்வு இருப்பதால் மட்டும் தொழுநோய் இல்லையென நாமே முடிவு செய்யக்கூடாது. சில வகைகளில் உணர்வு தொடக்கத்திற் கெடுவதில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் நோய் மருத்துவரே. ஒருவேளை அது தொழுநோயாகவே இருந்தாலும், 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்தால் முற்றாகக் குணமாகும். அம்மருந்து இலவசம். சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் ஆற்றல் விரைவில் அகன்றுவிடும். எனவே திட்டு எதனால் வந்திருந்தாலும், ஒருவரைக் கிணற்றடியிலிருந்து விலக்குவதற்கோ கலியாணத்தை நிறுத்துவதற்கோ நியாயம் கிடையாது.

5. செய்யத்தக்கவையும் தகாதவையும்

திட்டின் மேல் கடையில் வாங்கும் களிம்புகளைப் பூசக்கூடாது. அவற்றுட் பலவற்றில் ஸ்டெரொயிட்டே உண்டு. மெலிந்த தோல் மேலும் மெலியும். சூடு வைத்தல், காரமான பச்சிலை அரைத்துக் கட்டுதல் புண்ணாக்கும். வெயிலில் வேலை செய்யும்போது அவ்விடத்தைத் துணியால் மூடிக்கொள்வது நன்று.

ஊசி போட்ட மூட்டு சில நாட்களுள் சிவந்து, கொதித்து, வீங்கிக் காய்ச்சலும் வந்தால், உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். நீரிழிவுள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சீனி உயரலாம். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரே மூட்டுக்குப் போடும் ஊசிகளுக்கிடையே குறைந்தது மூன்று மாதமாவது செல்ல வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. அடிக்கடி போட்டால், முகம் உருண்டையாதல், வயிற்றில் சிவந்த கோடுகள், சிறு அடிக்கும் தோல் கன்றுதல் முதலியன உடல் முழுவதிலும் தோன்றலாம். பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்படும் மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் இம்மருந்து களவாகக் கலக்கப்பட்டிருந்ததும் பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் ஸ்டெரொயிட் குளிசையை நெடுநாள் எடுப்பவர் அதனைத் திடீரென நிறுத்துவது உயிராபத்து. மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

6. ஒரு கொப்பியின் பயன்

1990இலும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளிலும் வீடிழந்த குடும்பங்கள் கிளினிக் கொப்பிகளையும் இழந்தன. கொப்பி இல்லாதவருக்கு முன்பு என்ன ஊசி போட்டார்கள் என்பதை அடுத்த மருத்துவர் அறிய வழியில்லை. ஒரு மாதத்தின்பின் அதே ஊசி மறுபடியும் ஏறிவிடக்கூடும். எனவே, ஊசி போடுமுன், "இது என்ன மருந்து? தோலில் மாற்றம் வருமா?" என்று மரியாதையாகக் கேட்போம். கேட்பது நமது உரிமை. மருந்தின் பெயர், அளவு, போட்ட இடம், திகதி ஆகிய நான்கையும் கொப்பியில் எழுதித் தரச் சொல்வோம். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைக்கும் பையிலேயே அக்கொப்பியையும் வைப்போம். வெளிறிய திட்டோடு தோல் கிளினிக்குக்குச் செல்லும் நாளில், அந்த ஒரு வரி பல மாத மனவேதனையைத் தவிர்க்கும்.

கலந்துரையாடலுக்கு:

1. நமது ஊரில் தோல் வெளுத்தவரை எவ்வாறு நடத்துகின்றோம்? அவரோடு கிளினிக்குக்குத் துணை போக யார் முன்வருவர்?

2. மூட்டுவலிக்கு ஊசி போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அம்மருந்தின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

3. ஊசி போட்டவர் ஓரிரு நாள் மூட்டுக்கு ஓய்வு கொடுக்க, அவரது வயல் வேலையை நாம் எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம்?