ஹப்பும் சுவிட்சும்: பெரட்டுக் குரலா, கிராணியின் கையா?

தம்பி தங்கைகளே, 1929இல் போ தோட்டம் தொடங்கிய கேமரன் மலையில், பெரட்டு என்றால் என்னவென்று தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வாங்க. விடியற்காலையில் எல்லாரும் திடலில் கூடி நிற்பார்கள். யாருக்கு என்ன வேலை என்று சொன்னாலும் எல்லார் காதிலும் விழும். கணினிகளை இணைக்கும் ஹப் செய்வதும் இதுதான்.

எட்டுக் கணினிகளை ஒரு ஹப்பில் இணைத்திருக்கிறோம் என்று வையுங்க. ஒன்று இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பினால், ஹப் அதை மற்ற ஏழுக்கும் அனுப்பிவிடும். தனக்கு வராததைக் கணினிகள் ஒதுக்கிவிடும். ஆனால் ஒட்டுக்கேட்கும் மென்பொருளோடு ஒருவர் உட்கார்ந்தால், அடுத்தவர் அனுப்புவதெல்லாம் அவர் கையில்! இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக் கெடும், மறுபடி அனுப்பணும். 10 மெகாபிட் ஹப் என்றால், அந்தப் பத்தை எட்டும் பங்கு போட்டுக்கொள்ளணும்.

சுவிட்ச் தோட்ட ஆபீஸ் கிராணி மாதிரி. எந்தக் கடிதம் எந்த லயத்துக்கு என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கணினியின் வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் மேக் முகவரி உண்டு. ஒரு கணினி எதையாவது அனுப்பியதும், அதன் முகவரி எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று சுவிட்ச் பட்டியலில் குறித்துக்கொள்ளும். பிறகு அந்த முகவரிக்கு வருவதை அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். பட்டியலில் இல்லாத முகவரி என்றால், வந்த போர்ட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் அனுப்பும். பதில் வரும்போது இடத்தைக் கற்றுக்கொள்ளும். 100 மெகாபிட் சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியே 100 உண்டு. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

கோயில் மண்டபத்தில் கணினி வகுப்பு தொடங்கும் கிளைகளே, பழைய பெட்டியை யாராவது இலவசமாகத் தந்தால், அதில் ஹப் என்று எழுதியிருக்கிறதா, சுவிட்ச் என்றா, பாருங்க. பிள்ளைகளின் கடவுச்சொல்லும் அதன் வழியாகத்தான் போகும். ஆனால் சுவிட்ச் பூட்டு அல்ல. மறையாக்கம் உள்ள தளங்களில் மட்டும் கடவுச்சொல் கொடுங்க. மலை மேல் இணைய இணைப்பே மெதுவாக இருந்தால், சுவிட்ச் அதை வேகப்படுத்தாது. வகுப்புக்குள் நடக்கும் பரிமாற்றம்தான் சீராகும்.

பயிற்சி: எட்டு போர்ட்டிலும் கணினி உண்டு. 5ஆம் போர்ட் கணினி, பட்டியலில் உள்ள 3ஆம் போர்ட் கணினிக்கு அனுப்புகிறது. சுவிட்ச் எத்தனை போர்ட்டுக்கு அனுப்பும்? ஹப் என்றால்? (விடை: 1, 7)