காப்பிச் சக்கையிலிருந்து தேய்ப்புப் பொடி

டிகாக்ஷன் இறக்கியபின் பில்டரில் தங்கும் சக்கையைச் சாக்கடையில் கொட்டுவதே வீடுகளிலும் ஹோட்டல்களிலும் பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள அச்சக்கை குழாய்களில் படிந்து அடைப்பை உண்டாக்குமேயன்றி யாதொரு நன்மையும் தருவதில்லை. ஒரு கலியாணத்தில் கூடை கூடையாய்ச் சேரும் இப்பொருளை, உடம்பில் தேய்த்துக் குளிக்கும் பொடியாக மாற்றிக்கொள்ளுதல் எளிது. ஆயினும் அதில் ஒரு விஷயத்தில் தவறினாலும் பண்டம் முழுவதும் கெட்டுப்போகும். அது உலர்த்துதலேயாம்.

1 கிலோ காப்பித் தூளிலிருந்து ஏறக்குறைய 2 கிலோ ஈரச் சக்கை கிடைக்கும். அதில் பாதிக்கு மேல் நீர். இவ்வீரத்துடன் பாத்திரத்தில் மூடிவைத்தால் இரண்டு மூன்று தினங்களில் பூஞ்சணம் பூத்துவிடும். பூத்ததை வெயிலில் காயவைத்து மறுபடி உபயோகிக்க நினைப்பது பெரும் பிசகு. ஆகையால் இறக்கிய அன்றைக்கே, சுத்தமான துணியில் அரை விரற்கடை கனத்துக்கு மிகாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, நல்ல வெயிலில் உலர்த்தவேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் கட்டியாகாமல் உதிரவேண்டும். மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருத்தலே உத்தமம். பாலோ சர்க்கரையோ கலந்த சக்கை இதற்கு ஆகாது. சிக்கரி கலந்த தூளின் சக்கையும் உதவும். ஆனால் சிக்கரியில் எண்ணெய்ச் சத்து மிகக் குறைவாதலால் பசை குறைந்திருக்கும்.

உலர்ந்ததை அம்மியிலோ இயந்திரத்திலோ அரைத்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ளவேண்டும். துணியில் இறங்கிய நுண்பொடி 1 பங்குக்குப் பயற்றம் மாவு 3 பங்கு சேர்த்தால் உடம்புக்கு ஏற்றது. மேலே தங்கிய கரட்டுப் பொடி, வயல் வேலை முடித்த கைகளுக்கும் பித்தவெடிப்பில்லாத குதிகால்களுக்கும் உதவும். அதை முகத்தில் தேய்த்தால் தோலில் கீறல் விழும். புண், பரு உள்ள இடங்களில் இவ்விரண்டுமே கூடா. புதிதாய் உபயோகிப்போர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தேய்த்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நலம்.

உலர்ந்த சக்கையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை எண்ணெய் உண்டு. இதனைச் செக்கிலிட்டு எடுக்க முயலுவது வீண். ஆலைகளில் கரைப்பான் கொண்டே பிரித்தெடுக்கிறார்கள். வீட்டில் செய்யத்தக்கது, 100 கிராம் சக்கையை 400 கிராம் தேங்காயெண்ணெயில் இட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் ஊறவிட்டு வடிகட்டுவதே. வாசனையும் சிறிது காப்பி எண்ணெயும் இதில் இறங்கும். காபீன் இறங்கும் என்று சொல்லி விற்பது சரியன்று. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே டிகாக்ஷனோடு போய்விட்டது, எஞ்சியதும் எண்ணெயில் எளிதில் கரைவதன்று. குடித்த காப்பியையே மறுபடி விற்கும் சாமர்த்தியம் இது!

தயிரோ தேனோ நீரோ சேர்த்துக் குழம்பாக்கிச் சீசாவில் அடைத்து விற்கலாம் என்று மகளிர் குழுக்கள் எண்ணுவதுண்டு. நீர் சேர்ந்த குழம்பு, தக்க பாதுகாப்புப் பொருள் இல்லாமல் சில தினங்களில் கிருமி பற்றும். வெளிக்குத் தெரியாமலே பற்றும் என்பதுதான் அபாயம். வாங்கியவர் கண்ணில் அது பட்டால், குழுவின் முதலீட்டோடு பெயரும் போகும். குழம்பு வேண்டுவோர் குளிக்கும் வேளையில் வேண்டிய அளவு மட்டும் கலந்துகொள்ளட்டும்; விற்பனைக்கு உலர்ந்த பொடியே தகுதியானது. அதுவும் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மாதங்களுக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வீசக்கூடும்.

விற்பனை செய்வதாயின், 1940-ஆம் வருஷத்து மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படியும் 2020-ஆம் வருஷத்து அழகுசாதன விதிகளின்படியும் தயாரிப்புக்கு லைசென்ஸ் பெறுதல் அவசியம். குழுக்கள் டப்பாக்களுக்குப் பணம் செலவிடுமுன்பே கிராம அதிகாரிகள் இதனை எடுத்துச் சொல்லுவது உபகாரமாயிருக்கும்.

பூஞ்சணம் பூத்த சக்கையையும் எறியவேண்டுவதில்லை. உரக்குழிக்கு அது மிகவும் ஏற்றது. தழைச்சத்து 100-க்கு 2 பங்கு அளவில் உண்டு. சாணம், வைக்கோல் முதலியவற்றோடு, குவியலில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாமல் கலந்து மக்கவிடவேண்டும். மக்காத சக்கையை நாற்றங்காலில் தூவினால் இளம் நாற்றுகளின் வளர்ச்சி தடைப்படும்.