இறக்கையிலிருந்து எலும்பு வரை

வானூர்தி இறக்கையைச் சிறுகூறுகளாகப் பகுத்து அதன் விறைப்பைக் கணிக்கும் முறையை 1956இல் டர்னர், கிளஃப் முதலியோர் வெளியிட்டனர். 1960இல் கிளஃப் அதற்கு ‘முடிவுறு கூறுமுறை’ எனப் பெயரிட்டார். பின்னர் அணைக்கட்டும் வெப்பப் பரவலும் அதன் ஆளுகைக்குட்பட்டன. 1972இல் தொடையெலும்பும் சேர்ந்தது. உலோகத்திற்குக் கண்ட கணக்கு எலும்புக்குப் பொருந்துவது எங்ஙனம்? சமநிலைச் சமன்பாடு இரண்டிற்கும் ஒன்றே. பொருளின் பண்பே வேறு.

முறையைக் கடன்பெறுவோர் அதன் எச்சரிக்கைகளையும் உடன்பெறுதல் வேண்டும் என்பது நம் கருத்து. நார்வேயின் ஸ்லைப்னர் ஏ கடல்மேடையின் கற்காரை அடித்தளத்தில் கூறுகளை நுணுக்கமாகப் பகுக்காமையால், வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பெற்றது. 1991 ஆகஸ்டு 23 அன்று சுவர் பிளந்து அடித்தளம் மூழ்கியது. கணிப்பொறியின் கூட்டலில் பிழையில்லை என்பதை நாம் நோக்குதல் தகும். நுணுக்கமாகப் பகுத்து மீண்டும் கணித்தபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என விடை வந்தது. உடைந்தது 65 மீட்டரில்.